அமானிதமாய் வந்த உயிர்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி அம்பாறைக் கரையோரத்திலுள்ள திருக்கோவிலில் ஒரு பாடசாலை மரதன் ஓட்டம் நடைபெற்றது. அதில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் அன்றே உயிரிழந்தான். ஊர் கொதித்தது. வைத்தியசாலை வாயிலில் மாணவரும் பெற்றோரும் திரண்டு நின்று நியாயம் கேட்டனர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அச்செய்தியைப் படித்த தாய்மார், தத்தம் பிள்ளைகளின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. அது மருத்துவமும் சட்டமும் ஆராய வேண்டிய விடயம். இன்ன கருவி அருகில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான் என்று சொல்லவும் நாம் துணியோம். வெயிலின் கொடுமையால் விழும் பிள்ளைக்கு முதல் மருந்து நிழலும் நீரும் உடலைக் குளிர்விப்பதுமே. பங்குனி வெயிலில் நெடுந்தூரம் ஓட விடாதிருப்பது அதனினும் சிறந்த மருந்து. ஆயினும் அந்த நாள் நம் முன் வைத்துச் சென்ற கேள்வி ஒன்று உண்டு. ‘ஓடு’ என்று பிள்ளைக்குக் கட்டளையிடுகின்ற பாடசாலை, அவன் விழுந்தால் காப்பதற்கு என்ன ஆயத்தத்தோடு இருக்க வேண்டும்? அவ்வாறு ஆயத்தமாக இருப்பது கருணையா, கடமையா?

இக்கேள்வியின் ஒரு பகுதியையே, அதாவது திடீரென நின்றுபோகும் இதயத்தைப் பற்றியும், அதை மீட்கும் கருவி ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியுமே, நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் ‘அமானிதம்’ என்றொரு சொல் வழங்குகின்றது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, கேட்கும்போது குறைவின்றித் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பே அமானிதம். அடுத்த வீட்டார் ஊருக்குப் போகும்போது கொடுத்துச் செல்லும் திறப்புக்கோர்வை கூட அமானிதந்தான். அதைத் தொலைத்தவன், ‘எனக்கென்ன தெரியும்’ என்று கைவிரிக்க முடியாது. காலை ஏழரை மணிக்கு மணியடித்து வாயிற்கதவு சாத்தப்படும்போது, ஓர் ஊரின் உயிர்களெல்லாம் ஆசிரியர் கையில் அமானிதமாய் ஒப்படைக்கப்படுகின்றன. மறுமணி அடிக்கும் வரை உம்மாவும் வாப்பாவும் அப்பிள்ளையை எட்டிப் பார்க்க முடியாது.

அதுவும் பெற்றோர் விரும்பிச் செய்யும் ஒப்படைப்பு மட்டுமன்று. இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். பிள்ளையை அனுப்பாத பெற்றோரைச் சட்டம் கேள்வி கேட்கும். அது நல்ல சட்டம். ஏழைப் பிள்ளையை வயலுக்கும் கடலுக்கும் அனுப்பாமல் காக்கும் சட்டம். ஆனால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எங்கு இருக்கின்றதோ அங்கேயே பொறுப்பும் இருக்க வேண்டும். ‘வா’ என்று கட்டளையிடும் அரசு, வந்த பிள்ளையின் உயிருக்கு ‘நான் அறியேன்’ என்று சொல்லுமாயின், அங்கே சட்டம் இருக்கலாம், நீதி இல்லை.

இதயம் நின்றுபோவதென்றால் என்ன என்பதை நம்மில் பலர் தெளிவாக அறிந்துகொள்ளவில்லை. மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அது பெரும்பாலும் வயது வந்தோரின் நோய். இதயத்தை ஒழுங்காகத் துடிக்கச் செய்யும் மின்னோட்டம் நிலைகுலைந்து, கீழறைகள் தாறுமாறாக நடுங்கி, இரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது இதய நிறுத்தத்தின் முக்கியமான ஒரு வகை. இது பிள்ளைகளுக்கும் நேரும். பிறவியிலேயே இதயத் தசை தடித்திருக்கும் குறை சிலருக்கு உண்டு. இதயத்தின் மின்னோட்டத்தில் குறையுள்ளவர்களும் உளர். வெளியில் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பிள்ளை. ஓட்டத்தில் முதலாவதாக வருபவனாகக்கூட இருப்பான். குறை எதுவுமே இல்லாத பிள்ளையும், கடினப் பந்து குறிப்பிட்ட ஒரு கணத்தில் நெஞ்சிலே மோதினால் விழுந்துவிடுவதுண்டு. கடற்கரை மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் கிரிக்கெட் ஆடும் நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இவ்வாறு விழுந்தவனுக்குக் கணக்கு மணிகளில் இல்லை, நிமிடங்களில் இருக்கின்றது. நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகின்றது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். பத்து நிமிடம் கடந்த பின் வருபவர் பெரும்பாலும் உடலையே கொண்டு செல்கின்றார்.

இந்த நிமிடங்களை வெல்லும் வழியைக் காண விஞ்ஞானம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்னும் இரு விஞ்ஞானிகள், நடுங்கும் இதயத்தை மின்னதிர்ச்சி ஒழுங்குபடுத்தும் என்பதை நாய்களின் மீது நடத்திய பரிசோதனையில் கண்டனர். 1930களின் இறுதியில் சோவியத் விஞ்ஞானி நௌம் குர்விச் அதற்கேற்ற மின்துடிப்பின் வடிவத்தை ஆராய்ந்தார். 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், அறுவைச் சிகிச்சையின்போது இதயம் நின்றுபோன ஒருவரைக் கிளோட் பெக் என்னும் மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார். இவ்வாறு மீட்கப்பட்ட முதல் மனிதன் யார்? 14 வயதுச் சிறுவன். நம் பாடசாலையாயின் ஒன்பதாம் தரத்திலோ பத்தாம் தரத்திலோ அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளை.

பின்னர் 1960களின் தொடக்கத்தில் பேர்னாட் லவுன் என்னும் மருத்துவர் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் பாதுகாப்பான கருவியை உருவாக்கினார். அதே லவுன், சோவியத் இதய மருத்துவர் சாசோவுடன் கைகோத்து, அணுவாயுதப் போருக்கு எதிராக மருத்துவர்களை உலகெங்கும் அணிதிரட்டினார். அவர்கள் தோற்றுவித்த இயக்கம் 1985இல் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றது. ஒரு மனிதனின் இதயம் நிற்பதைப் பொறுக்காதவர், மனிதகுலத்தின் இதயம் நிற்பதை எப்படிப் பொறுப்பார்? விஞ்ஞானத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் உள்ள உறவை இதனினும் நன்றாக விளக்கும் வாழ்க்கை அரிது.

1965இல் பெல்பாஸ்ட் நகரத்து மருத்துவர் பிராங்க் பான்ரிட்ஜ் இக்கருவியை அம்புலன்ஸில் ஏற்றினார். அன்று அதன் நிறை ஏறக்குறைய 70 கிலோ. வாகன பற்றரிகளால் இயங்கியது. இன்று அதே வேலையைச் செய்யும் ஏ.ஈ.டி. என்னும் கருவி, ஒரு மாணவனின் புத்தகப் பையை விடப் பாரமானதன்று. அதைத் திறந்ததும் அது பேசத் தொடங்கும். பசைத்தாள்களை எங்கே ஒட்டுவது என்று சொல்லும். இதயத்தின் மின்னோட்டத்தைத் தானே சோதிக்கும். அதிர்ச்சி தேவையில்லை என்றால், மனிதன் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் கொடுக்காது. மருத்துவர் கையில் மட்டும் இருந்த வித்தை, இன்று எழுதப் படிக்கத் தெரிந்த எவர் கையிலும் வந்து சேர்ந்திருக்கின்றது. அறிவு சிலரின் உடைமையாக இருந்து பலரின் உடைமையாக மாறுவதற்குப் பெயர்தானே முன்னேற்றம்!

‘வைத்தியசாலை இருக்கின்றதே, அம்புலன்ஸ் இருக்கின்றதே’ என்று சிலர் கேட்கலாம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருப்பது உண்மை. 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் பணமின்றி வரும் சுவசெரிய சேவை, இந்நாட்டின் மெச்சத்தக்க நிறுவனங்களுள் ஒன்று என்பதும் உண்மை. ஆனால் அம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும், கல்முனைச் சந்தைச் சந்தடியையும் பிரதான வீதியின் நெருக்கத்தையும் கடந்தே வர வேண்டும். அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் கிடக்கின்றது. அவ்வழியிலும் பாடசாலைகள் உள்ளன. சாரதி பறந்து வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் அவருடையதன்று. அது, விழுந்த பிள்ளையின் பக்கத்தில் நிற்பவருடையது. பக்கத்தில் நிற்பவர் ஓர் ஆசிரியர், அல்லது இன்னொரு மாணவன்.

இனி, இக்கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம். அவற்றை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது.

முதலாவது, விதி. ‘அவனுடைய நேரம் வந்துவிட்டது, மனிதன் என்ன செய்ய முடியும்?’ என்பார்கள். துயரத்தில் மூழ்கிய தாய்க்கு அச்சொல் ஆறுதலாக இருக்கலாம். அவளிடமிருந்து அதைப் பறிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அதே சொல்லை ஓர் அதிகாரி சொல்லும்போது, ஒரு நிர்வாகம் சொல்லும்போது, அதன் பொருள் மாறிவிடுகின்றது. தாயின் வாயில் அது பொறுமை. நிர்வாகத்தின் வாயில் அது தப்பித்தல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனை நம்ப வேண்டும் என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. முயற்சி முடிகின்ற இடத்தில்தான் விதியைப் பற்றிப் பேசும் உரிமை தொடங்குகின்றது. முயற்சியே செய்யாதவன் விதியைச் சாட்சிக்கு அழைப்பது, சோம்பேறி கடவுளின் பெயரில் பொய்க் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும். அம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் நம் பிள்ளைகள் பலியான காலத்திலும் அது விதி என்றே சொல்லப்பட்டது. தடுப்பூசி வந்தது, அந்த விதி மாறியது.

இரண்டாவது நியாயம், இது மிக அபூர்வமாக நேர்வது என்பது. உண்மைதான். பிள்ளைகளின் இதயம் திடீரென நிற்பது அரிது. எத்தனையோ பாடசாலைகள் பல்லாண்டுகளாக இப்படி ஒரு நாளைக் காணாமலே இருந்திருக்கும். ஆனால் அபூர்வம் என்பதனால் ஆயத்தம் வேண்டாம் என்ற வாதத்தை வேறெந்த ஊரும் சொல்லலாம். இந்தக் கரை சொல்லலாகாது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் உயிர்பிழைத்த பலர் ஏறி நின்ற இடம் பாடசாலை மாடி. அகதிகளாய்த் தங்கிய இடம் பாடசாலை வகுப்பறை. அதற்கு முன் நம் ஊரில் எவரும் ‘சுனாமி’ என்ற சொல்லைக்கூட அறிந்ததில்லை. அதன் பின் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. வெளியேறும் வழிகாட்டும் பலகைகள் நாட்டப்பட்டன. பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்தப்பட்டது. தலைமுறைகள் பல கடந்து ஒருமுறை வரும் பேரலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று யாரும் கேட்கவில்லை. பத்தாயிரம் பேரை ஒரே நாளில் இழந்தால் நமக்குப் புரிகின்றது; ஒவ்வொருவராக, ஊருக்கு ஒருவராக இழந்தால் புரிவதில்லை. எண்ணிக்கையைக் கண்டு விழிக்கும் மனச்சாட்சி, ஒற்றை உயிரைக் கண்டு உறங்கலாமா?

மேலும் ஒரு பாடசாலைக்குள் இருப்பவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் வகுப்பறையில் நாள்முழுதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். காவலாளியும் சிற்றுண்டிச்சாலைக்காரரும் இருக்கின்றார்கள். தேர்தலன்று முதியோர் வரிசையில் நிற்பது பாடசாலையில். வெள்ளம் வந்தால் ஊர் அடைக்கலம் புகுவதும் பாடசாலையில். ஆகவே அந்தச் சுவரில் தொங்கும் கருவி அந்தத் தெருவுக்கே சொந்தமானது.

மூன்றாவது நியாயமே வலிமை வாய்ந்தது. அதை நம் ஆசிரிய நண்பர்களே சொல்கின்றார்கள். ‘காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை வழிபாட்டுக் கூட்டத்திலேயே மயங்கி விழுகின்றது. கழிவறைக்குக் கதவில்லை. குடிநீர்க் குழாயில் நீரில்லை. இந்த நிலையில் சில இலட்சம் ரூபாய்க்கு ஒரு பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டுவதா?’ என்று அவர்கள் கேட்கின்றார்கள். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் முடங்கி, வைத்தியசாலைகளில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததைக் கண்ட எவரும் இக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது.

நாம் ஒளிக்காமல் சொல்கின்றோம்: நீரில்லாத பாடசாலைக்கு முதலில் நீர் வேண்டும், பசித்த பிள்ளைக்கு முதலில் உணவு வேண்டும். ஆனால் ஏழையின் ஒரு தேவையை இன்னொரு தேவையோடு மோதவிட்டு, இரண்டையும் கொடுக்காமல் விடுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ‘சோறா, மருந்தா?’ என்ற கேள்வி ஏழையிடம் மட்டுமே கேட்கப்படுகின்றது. விமான நிலையத்தில் ஏ.ஈ.டி. வைக்கும்போது அங்கே இக்கேள்வி எழுவதில்லை. 2021 ஜூன் 12இல் கொப்பன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தபோது, கருவியும் அதை இயக்கத் தெரிந்த கைகளும் மைதானத்திலேயே இருந்தன. அவர் எழுந்தார்; அடுத்த ஆண்டு மீண்டும் ஆடினார். உலகம் கண்ணீர் மல்கக் கைதட்டியது. நம் கல்முனை இளைஞர்களும் கைதட்டினார்கள். அந்த இதயம் எந்தத் தசையால் ஆனதோ அதே தசையால் ஆனதுதான் தறிக்காரன் மகனின் இதயமும், மீனவன் மகளின் இதயமும். மைதானத்துக்கு ஒரு நீதி, பாடசாலை முற்றத்துக்கு இன்னொரு நீதி என்றால், உயிரின் விலையை நிர்ணயிப்பது இயற்கையன்று, சந்தையே.

பணமில்லை என்பதும் முழு உண்மையன்று. நம் ஊர்ப் பாடசாலைகளின் நுழைவாயில் வளைவுகளைப் பாருங்கள். இலட்சக்கணக்கில் செலவிட்டு எழுப்பி, திறந்துவைத்தவரின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருக்கின்றோம். விழா மேடைக்கும் மாலைக்கும் கேடயத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கிடைக்கின்றது. விளையாட்டுப் போட்டியில் வெல்பவனுக்குக் கிண்ணம் வைத்திருக்கின்றோம்; விழுபவனுக்கு என்ன வைத்திருக்கின்றோம்? நாம் ஏறி இறங்கிய பாடசாலைகளில், அதிபர் அறை அலமாரியின் மேலே தூசு படிந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கின்றோம். காலாவதியான களிம்பும், காய்ந்துபோன பஞ்சும், ஒரு கத்தரிக்கோலும் இருந்தன. அது வறுமையின் அடையாளமன்று; கவனமின்மையின் அடையாளம்.

கருவியை வாங்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர்க்கு யப்பான் நாட்டிலிருந்து ஒரு பாடம் உண்டு. அங்கு 2004 ஜூலை முதல் பொதுமக்களும் ஏ.ஈ.டி.யைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கப்பட்டது. பாடசாலைகளில் அது பரவலாக வைக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் சைத்தாமா நகரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓட்டப் பயிற்சியை முடித்த கையோடு விழுந்தாள். கருவி பாடசாலையில் இருந்தது. ஆனால் எவரும் அதை எடுத்து வரவில்லை. அவள் இடையிடையே மூச்சிழுத்ததைக் கண்டு, உயிர்மூச்சு இருக்கின்றது என்று ஆசிரியர்கள் நம்பிவிட்டார்கள். இதயம் நின்ற பின்னும் சில நிமிடங்கள் வரும் அந்த விக்கல் மூச்சு, மூச்சே அன்று என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. சிறுமி இறந்தாள். அவளுடைய தாயும் நகரின் கல்விச் சபையும் ஒன்றாக அமர்ந்து, மறுமுறை இப்படி நேராதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை 2012இல் ஒரு வழிகாட்டி நூலாக்கினார்கள். குற்றம் சாட்டவும் குற்றத்தை மறைக்கவும் இடமிருந்த வேளையில், அவர்கள் அறிவைப் பெருக்கினார்கள். துயரத்தைச் சமுதாயத்தின் சொத்தாக்குவது என்றால் இதுதான்.

இங்கிலாந்திலும் அவ்வாறே. 2011இல் லிவர்பூல் நகரில் நீச்சல் போட்டியின்போது 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுடைய தந்தை பத்தாண்டுக்கும் மேலாகப் போராடினார். இறுதியில் அரசு பணிந்து, 2023இல் அரச பாடசாலைகளுக்கு 20,000க்கும் மேற்பட்ட கருவிகளை வழங்கியது. ஒரு தந்தை பத்தாண்டு அலைந்துதான் பெற வேண்டுமென்றால் அது அந்த அரசுக்குப் பெருமையன்று. ஆயினும் முடிவில் அது தருமமாக அன்றி அரசின் கடமையாகவே ஏற்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சைத்தாமாச் சிறுமியின் கதை நம் ஊரில் இன்னொரு சிக்கலையும் நினைவூட்டுகின்றது. பசைத்தாளை வெறும் மார்பில்தான் ஒட்ட வேண்டும். விழுந்தவள் மாணவியாயின், அருகில் நிற்பவர் ஆணாசிரியராயின், கை தயங்கும். இத்தயக்கம் நம் சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. பொது இடத்தில் விழும் பெண்கள் ஆண்களை விடக் குறைவாகவே இம்முதலுதவியைப் பெறுகின்றனர் என்று மேலை நாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. நிர்ப்பந்தம் வரும்போது விலக்கு தளரும் என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர் அனைவரும் ஒப்பிய விதி. அதை மௌலவிமார் வெள்ளிக்கிழமை மிம்பரில் ஒருமுறை விளக்கிச் சொன்னால், ஊரிலுள்ள கைகளெல்லாம் துணிவு பெறும். ஆசிரியைகளையும் மாணவிகளையும் முதலில் பயிற்றினால் தயக்கத்துக்கே இடமிராது. ஆடையை முழுதும் அகற்ற வேண்டியதில்லை. ஒட்டும் இடத்தை விலக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தலாம். மானத்தைக் காக்க வழி இருக்கின்றது. போன உயிரை மீட்கத்தான் வழியில்லை.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? முதற்படிக்குப் பணமே வேண்டாம். விழுந்தவனைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தல். பதிலில்லாமல், ஒழுங்கான மூச்சும் இல்லாவிட்டால் ஒருவரை 1990க்கு அழைக்கச் சொல்லுதல். நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல். பத்தாம் தரத்து மாணவன் ஒரே பாடவேளையில் இதைக் கற்றுக்கொள்ளலாம். சுகாதாரக் கல்விப் பாடம் ஏட்டில் இருக்கின்றது. அதைக் கைக்குக் கொண்டுவர, அருகிலுள்ள வைத்தியசாலையின் தாதியரை அழைத்தால் போதும். இரண்டாவது படி, ஒரு திட்டம். யார் அழுத்துவது, யார் ஓடிச் சென்று கருவியை எடுத்து வருவது, யார் வாயிற்கதவைத் திறந்து அம்புலன்ஸுக்கு வழிகாட்டுவது என்பதை எழுதி ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பார்த்தல். மூன்றாவது படியே கருவி. அதன் பற்றரிக்கும் பசைத்தாளுக்கும் காலாவதித் திகதி உண்டு. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் வைத்து, திறப்பை அதிபர் வீட்டுக்குக் கொண்டுபோவாராயின் அக்கருவி இருந்தும் இல்லாததே.

எல்லாப் பாடசாலைக்கும் ஒரே நாளில் கிடைக்காதெனில், அடுத்தடுத்துள்ள பாடசாலைகள் ஒன்றைப் பகிர்ந்து தொடங்கலாம். கல்முனையில் முஸ்லிம் பாடசாலையும் தமிழ்ப் பாடசாலையும் ஒரே வீதியில் நிற்கின்றன. வைத்தியசாலை இரண்டு, பிரதேச செயலகத்தைப் பற்றிய வழக்கு ஓயவில்லை, எல்லைக் கோடு எங்கே என்ற சச்சரவில் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. நடுங்கும் இதயம் எந்தப் பக்கத்தது என்று அந்தக் கருவி கேட்பதில்லை. திருக்கோவிலில் இறந்த பிள்ளை தமிழ்ப் பிள்ளை. அவனுக்காகக் கல்முனை முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் தம் பாடசாலையில் ஒத்திகை தொடங்குவாராயின், அதுவே இக்கரையின் உண்மையான நல்லிணக்கம். மேடையில் பேசப்படும் நல்லிணக்கத்தை விட அது சில நூறு மடங்கு மேலானது.

ஆனால் பகிர்வதும் நன்கொடை திரட்டுவதும் தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்கலாகாது. பழைய மாணவர் சங்கத்தில் கட்டாரிலும் லண்டனிலும் உழைக்கும் செல்வர் உள்ள பாடசாலைக்குக் கருவி வரும். பொத்துவில் ஓரத்துச் சிறு பாடசாலைக்கு வராது. தருமம் எப்போதும் பணம் உள்ள திசையிலேயே நடக்கின்றது; உரிமை மட்டுமே எல்லாத் திசையிலும் நடக்கும். இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் பெற்ற நாடு இது. அவை யாரோ ஒரு செல்வர் பிச்சையாய்ப் போட்டவை அல்ல. மக்கள் கேட்டுப் பெற்றவை. அவ்விரண்டும் சந்திக்கின்ற இடம்தான் பாடசாலைச் சுவரில் தொங்க வேண்டிய இந்தச் சிறு பெட்டி. அதை மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்பது ஆசிரியர் சங்கங்களின் வேலை. சம்பள உயர்வுக்கு வீதியில் இறங்கிய கால்கள் இதற்கும் இறங்க வேண்டும். ஏனெனில் விழப்போவது நம் மாணவனாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

இக்கருவி எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. முற்றாக அடங்கிவிட்ட இதயத்தை அது எழுப்பாது. நடுங்கும் இதயத்தை மட்டுமே ஒழுங்குக்குக் கொண்டுவரும். எல்லா முயற்சியும் செய்த பின்னும் சில பிள்ளைகள் இறப்பார்கள். அன்று நாம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று தலைகுனிந்து அழலாம். ஆனால் வெட்கித் தலைகுனிய வேண்டியிராது. ஒப்படைத்ததைத் திருப்பிக் கொடுக்க நம்மால் ஆனதெல்லாம் செய்தோம் என்று அந்தத் தாயிடம் சொல்லலாம். இன்று அப்படிச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கொடிக்கம்பத்துக்கு வர்ணம் பூசும் முன், ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் முன், ஆசிரியர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து நிற்கட்டும். ‘நம் பிள்ளை ஒருவன் விழுந்தால் முதல் ஐந்து நிமிடம் நாம் என்ன செய்வோம்?’ என்று அவர் கேட்கட்டும். பதில் கிடைக்கும் வரை உட்காராதிருக்கட்டும்.